சபையை நடத்துகிறவர்மீது எரிச்சல் இருக்கும்போது கேட்கும் கேள்வியும் பாவமாகிவிடுமா?

கனகராயன்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். வயல்தான் தொழில். பல மாதங்களாக மனத்தில் வைத்துப் புழுங்கிய ஒரு விடயத்தை, வேதத்தை ஊன்றி வாசித்தவர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஊரில் யாரிடம் சொன்னாலும் அது மறுநாளே ஒரு கட்சியாகிவிடும் என்ற பயத்தினால்தான் இங்கே வந்தேன்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் வட்டுவாகல் வழியாக வெளியேறி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அங்கே எங்கள் சபையாருக்குப் போதகர் இருக்கவில்லை. கூடாரங்களுக்கு நடுவே மாலையில் கூடிய பத்துப் பன்னிரண்டு பேருக்கு நான்தான் பாட்டைத் தொடங்கினேன். புத்தகம் எவரிடமும் இல்லாதபடியால் நினைவிலிருந்த சங்கீதங்களைச் சொன்னேன். ஊருக்குத் திரும்பியபின் ஆலயத்தைத் தகரக் கொட்டிலாக மறுபடி எழுப்பியபோதும், போதகர் மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வந்துபோன ஆண்டுகளிலும், ஞாயிறு ஆராதனையை நடத்தியவன் நானே. ஆலயத்தின் திறப்பு இன்றுவரை என் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எங்களுக்கு முழுநேரப் போதகர் ஒருவர் வந்தார். முப்பது வயது ஆகவில்லை. நன்றாகப் பிரசங்கிக்கிறார். நோயாளி வீட்டுக்கு இரவு பதினொரு மணிக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறார். நான் எத்தனையோ தடவை அழைத்தும் வராத இளம்பிள்ளைகள் அவருடைய கிட்டாருக்காக வந்து முன்வாங்கில் இருக்கிறார்கள். இவையெல்லாம் நல்லவை என்று எனக்குத் தெரியும். ஆயினும் அவரைச் சனங்கள் புகழும்போது என் வயிறு எரிகிறது. அவர் ஒரு வசனத்தைத் தவறாகச் சொன்ன ஒரு நாளில் எனக்குள் உண்டான மகிழ்ச்சியைக் கண்டு நானே பயந்துபோனேன்.

இதற்குள் இன்னொரு விடயமும் வந்து சேர்ந்தது. ஆலயக் கூரைக்காகச் சென்ற பெரும்போக அறுவடையின்போது வீட்டுக்கு வீடு நெல் சேர்த்து விற்றோம், வெளிநாட்டிலுள்ள உறவினர்களும் பணம் அனுப்பினார்கள். கூரை பாதியில் நிற்கிறது. கணக்கு இதுவரை சபையில் வாசிக்கப்படவில்லை. ஆராதனை முடிந்தபின் ஒருமுறை நான் கேட்டேன். மூத்த அங்கத்தவர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி, “கோராகு மோசேயிடம் கேட்டதும் இப்படித்தான், பூமி வாயைத் திறந்ததை மறந்துவிடாதே” என்றார். வீட்டுக்கு வந்து, மோசேயை எதிர்த்து எழும்பிய கோராகின் கூட்டத்தைப் பூமி விழுங்கிய கதையுள்ள எண்ணாகமம் 16ஆம் அதிகாரத்தை வாசித்தேன். அன்றிரவு நித்திரை இல்லை.

என் கேள்வி இதுதான். கணக்குக் கேட்பது நியாயம் என்று நினைக்கிறேன். ஆனால் அதைக் கேட்கிற என் மனம் சுத்தமாக இல்லை என்பதும் எனக்குத் தெரிகிறது. எரிச்சலுள்ள மனத்திலிருந்து வருகிற நியாயமான கேள்வியைத் தேவன் எப்படிப் பார்க்கிறார்? பேசாமல் திறப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவதுதான் தாழ்மையா?

பழைய ஆசிரியர், முள்ளியவளை எழுதியது:

கனகராயன்கரைத் தம்பிக்கு, வயதில் நான் மூத்தவனாக இருப்பேன் என்ற எண்ணத்தில் தம்பி என்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாடசாலையில் பல ஆண்டுகள் கிறிஸ்தவ சமயம் படிப்பித்தவன் நான். உங்களை நோக்கி எறியப்பட்ட கோராகின் கதைக்கு முன்னர், அதற்கு நான்கு அதிகாரங்கள் முந்தியுள்ள மிரியாமின் கதையைச் சற்று நிதானமாக வாசிப்போம். உங்கள் நிலைக்குக் கிட்ட நிற்பவள் அவள்தான்.

மிரியாம் யார்? செங்கடலைக் கடந்த நாளில் தம்புரைக் கையில் எடுத்து, மற்றப் பெண்கள் பின்தொடரப் பாட்டைத் தொடங்கியவள் (யாத்திராகமம் 15). நாணற்பெட்டியில் கிடந்த குழந்தை மோசேயைத் தூரத்தில் நின்று காவல்காத்த அக்காவும் அவளே என்று கொள்வது வழக்கம். தன் கண்முன்னே வளர்ந்த தம்பி தலைவனாகிவிட்டான். எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தின் முதலாம் வசனத்தில் அவளும் சகோதரன் ஆரோனும் சொல்லும் குறை, மோசே எத்தியோப்பியா தேசத்துப் பெண்ணை மணந்தது பற்றியது. இரண்டாம் வசனத்திலோ, “கர்த்தர் மோசேயைக்கொண்டு மாத்திரம் பேசினாரோ, எங்களைக்கொண்டும் அவர் பேசினதில்லையோ” என்கிறார்கள். வாயில் வந்த குறை ஒன்று, நெஞ்சில் இருந்த குறை வேறொன்று. கர்த்தர் பதில் சொல்லும்போது திருமணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, இரண்டாவதற்கு மட்டுமே பதில் சொல்கிறார். எபிரேய மூலத்தில் முதலாம் வசனத்தின் ‘பேசினாள்’ என்ற வினைச்சொல் பெண்பால் ஒருமையில் இருப்பதையும், குஷ்டரோகத் தண்டனை மிரியாமுக்கே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், பேச்சைத் தொடங்கியவள் அவள் என்பது விளங்கும்.

ஆனால் அந்த அதிகாரம் தண்டனையோடு முடியவில்லை, இதைப் பிரசங்கங்களில் சொல்பவர்கள் குறைவு. குற்றஞ்சாட்டப்பட்ட மோசே தனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. “சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன்” என்று அவனைப் பற்றிச் சொல்லப்படுவது இந்த இடத்தில்தான். அவன் வாய் திறப்பது ஒரேயொரு முறை. அதுவும், தேவனே அவளைக் குணமாக்கும் என்று கெஞ்சுவதற்கு. அவள் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தாள். அந்த ஏழு நாளும் சனங்கள் பயணத்தைத் தொடரவில்லை, அவள் திரும்பி வரும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். இடம்பெயர்ந்து நடந்த எங்களுக்கு, ஒருவருக்காக எல்லாரும் நின்று காத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். பொறாமைப்பட்டவளையும் சபை விட்டுவிட்டுப் போகவில்லை. பிற்காலத்தில் மீகா தீர்க்கதரிசி, தேவன் தம் சனத்துக்கு முன்னால் அனுப்பியவர்களைச் சொல்லும்போது மோசே, ஆரோன், மிரியாம் என்று மூவரையும் சேர்த்தே சொல்கிறார்.

இனிக் கோராகு. அவன் ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவி கோத்திரத்தான், அதிலும் கோகாத் வம்சத்தான். உடன்படிக்கைப் பெட்டி, குத்துவிளக்கு, பலிபீடம் ஆகிய அதிபரிசுத்தமானவற்றைத் தோளில் சுமக்கும் பணி அந்த வம்சத்துக்கே கொடுக்கப்பட்டிருந்தது. மற்ற லேவியருக்கு வண்டிகள் கிடைத்தன, இவர்களுக்குத் தோள் மட்டும். ஆகவே அவன் கணக்கில் எடுக்கப்படாதவன் அல்லன். “இது உங்களுக்கு அற்பக் காரியமோ” என்று மோசே கேட்பது அதனால்தான். யூத ஆசிரியர்கள் இன்னொன்றையும் சுட்டிக்காட்டுவதுண்டு. கோகாத்தின் பிள்ளைகள் நால்வரில் இளையவனான ஊசியேலின் மகன் எல்சாபான் அந்த வம்சத்துக்குத் தலைவனாக்கப்பட்டான் (எண்ணாகமம் 3). கோராகோ இரண்டாவது பிள்ளையான இத்சேயாரின் மகன். இளையவன் தன்னை முந்தியது அவனுக்குப் பொறுக்கவில்லை என்பது அவர்களின் விளக்கம்.

அவன் பேசிய வாக்கியம் கேட்பதற்கு எவ்வளவு அழகானது! சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள், கர்த்தர் அவர்கள் நடுவில் இருக்கிறார் என்கிறான். இதில் பொய் எதுவும் இல்லை, சீனாய் மலையில் தேவனே சொன்னதுதான். ஆனால் எல்லாருக்காகவும் பேசுவதுபோலப் பேசியவன் கேட்டது ஆரோனுக்குரிய ஆசாரியப் பட்டத்தை. ‘ஆசாரியப்பட்டத்தையும் தேடுகிறீர்களோ’ என்ற மோசேயின் கேள்வி அதைத் தொட்டுவிடுகிறது. 106ஆம் சங்கீதம் பிற்காலத்தில் அந்தச் சம்பவத்தைப் பொறாமை என்ற சொல்லாலேயே குறிக்கிறது.

தம்பி, நீங்கள் கேட்டது பட்டத்தையா, கணக்கையா? அந்த மூத்த அங்கத்தவர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். அதே 16ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனத்தை அவர் வாசித்திருக்கமாட்டார். “நான் அவர்களிடத்தில் ஒரு கழுதையையும் எடுத்துக்கொள்ளவில்லை” என்று மோசே தேவனுக்கு முன்பாகக் கணக்குச் சொல்வது அந்த வசனத்தில்தான். சாமுவேல் முதிர்வயதில் சனங்களைக் கூட்டி, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், என்மேல் சாட்சி சொல்லுங்கள் என்று தானே முன்வந்து கேட்டார். ஆசரிப்புக்கூடாரம் முடிந்தபோது பொன் 29 தாலந்து 730 சேக்கல், வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல், வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல் என்று சேக்கல் என்ற சிறிய நிறைவரை எண்ணி யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்தார்கள். உங்கள் கூரைக்கு எல்லாவற்றிலும் பொருத்தமான அதிகாரம் 2 இராஜாக்கள் 12. ஆலயத்தைப் பழுதுபார்க்க வாங்கிய பணம் யோவாஸ் அரசனின் 23ஆம் ஆண்டுவரை வேலையாக மாறவில்லை. அரசன் பிரதான ஆசாரியனையே அழைத்து ஏன் என்று கேட்டான். அதன்பின் மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டி வைக்கப்பட்டது. அரசனின் எழுத்தரும் பிரதான ஆசாரியனும் சேர்ந்தே பணத்தை எண்ணினார்கள். அந்தக் கேள்விக்காகப் பூமி வாயைத் திறக்கவில்லை.

இப்போது உங்கள் மனத்தைப் பற்றி. எரிச்சல் இருப்பதனால் கேள்வி பொய்யாகிவிடாது. பொறாமையினாலே கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறவர்கள் உண்டு என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது, அவர்களுடைய மனத்தை அவர் நல்லதென்று சொல்லவில்லை, ஆனால் பிரசங்கிக்கப்பட்டதைத் தள்ளிவிடவும் இல்லை. ஆயினும் எரிச்சல் கேள்வியின் தொனியைக் கெடுக்கும், கேட்கும் நேரத்தைக் கெடுக்கும், பதில் வந்தபின்னும் திருப்தி அடையவிடாது. மூப்பனுக்கு எதிரான குற்றச்சாட்டு இரண்டு மூன்று சாட்சிகளோடு வரவேண்டும் என்ற 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரத்தின் ஒழுங்கு, தலைவரைப் பாதுகாப்பது போலவே கேட்கிறவரையும் அவருடைய சொந்த மனத்திடமிருந்து பாதுகாக்கிறது என்று நான் நினைக்கிறேன். தலைமை இடத்தை விரும்பாத ஒருவர் உங்கள் சபையில் இருப்பார். கேள்வியை அவர் கையில் கொடுங்கள். அவரும் அது நியாயம் என்று கண்டால் அவர் கேட்கட்டும்.

திறப்பைப் பற்றி நீங்கள் கேட்டது என் மனத்தைத் தொட்டது. கோராகின் குமாரர் சாகவில்லை என்று எண்ணாகமம் 26 ஒரு சிறு வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. நாளாகமத்தைத் திறந்தால் அந்த வம்சத்தார் ஆலயத்தின் வாசல்காவலராக இருக்கிறார்கள். சங்கீதங்கள் பலவற்றின் தலைப்பில் அவர்களின் பெயர் இருக்கிறது. துன்மார்க்கருடைய கூடாரங்களில் குடியிருப்பதைவிடத் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் நிற்பதையே தெரிந்துகொள்வேன் என்னும் 84ஆம் சங்கீதம் அவர்களுடையது. அவசரப்பட்டு எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

மாங்குளம் விசுவாசி எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன், ஆயினும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் சபைகள் உடைந்ததை நான் கண்ணால் கண்டவன். ஒவ்வொரு உடைவும் ஒரு நியாயமான கேள்வியோடுதான் தொடங்கியது. கேட்டவர் எவரும் தான் பொறாமைப்படுவதாகச் சொன்னதில்லை. “நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்” என்ற வார்த்தை வேதத்தில் இருக்கிறது. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் அரசன் கைக்கு எட்டிய தூரத்தில் கிடந்தபோதும் தாவீது அவன்மேல் கைபோடவில்லை. சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே தாவீதின் மனம் அடித்துக்கொண்டது. குறை உண்மையாக இருந்தாலும் அதைத் தேவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பொறுத்திருப்பது தாழ்மையின் உயர்ந்த வடிவம் என்றே நான் நம்புகிறேன். கனகராயன்கரை அண்ணன் தன் மனம் சுத்தமில்லை என்று தானே ஒத்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் அவர் மௌனமாக இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

பழைய ஆசிரியர், முள்ளியவளை எழுதியது:

உங்கள் தயக்கத்தில் அனுபவம் இருக்கிறது, அதை நான் தள்ளவில்லை. ஆனால் நீங்கள் காட்டிய இரண்டு இடங்களையும் முழுமையாக வாசிக்கவேண்டும். சால்வைத் தொங்கலை அறுத்த தாவீது மௌனமாகப் போய்விடவில்லை. கெபியிலிருந்து வெளியே வந்து, சவுலின் பின்னால் நின்று கூப்பிட்டு, முகங்குப்புற விழுந்து வணங்கி, அதன்பின் அவனுடைய மூவாயிரம் வீரரும் இருக்கத்தக்கதாகத் தன் வழக்கைச் சொன்னான். கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிப்பாராக என்றான். தாவீது கையைத்தான் அடக்கினான், வாயை அடக்கவில்லை. பின்னர் அதே தாவீது அரசனாகிப் பாவம் செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி அவனுக்கு முன்னால் நின்று, நீயே அந்த மனுஷன் என்று சொன்னான். தாவீதும் அபிஷேகம்பண்ணப்பட்டவன்தானே.

‘தொடாதிருங்கள்’ என்ற வாக்கியம் வருகிற 105ஆம் சங்கீதத்தில், அது யாரிடம் யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சத் தொகையினராய், பரதேசிகளாய், ஒரு சனத்தை விட்டு மறு சனத்திடம் அலைந்து திரிந்த நாட்களில், அவர்களுக்குத் தீங்குசெய்ய நினைத்த அரசர்களைக் கடிந்துகொண்டு தேவன் சொன்ன வார்த்தை அது. வீடு வாசல் இன்றி அலைந்தவர்களைப் பலமுள்ளவர்களிடமிருந்து காக்கச் சொல்லப்பட்ட வார்த்தையை, நெல்மூட்டை கொடுத்த எளிய சபையார் வாயை மூடுவதற்குப் பயன்படுத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது. இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்றால் மன்னியுங்கள்.

பாலாவிக்கரை எழுதியது:

நான் சைவன், திருக்கேதீச்சரத்துக்கு அண்மையில் பிறந்து வவுனியாவில் வாழ்பவன். இங்கே பேசுகிற விவிலியப் பகுதிகளில் எனக்குப் பயிற்சி இல்லை, அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவும் வரவில்லை. ஆனால் மிரியாமின் வரலாற்றை ஆசிரியர் ஐயா சொன்ன விதத்தில் வாசித்தபோது, பெரியபுராணத்தில் வரும் ஏயர்கோன் கலிக்காம நாயனார் கண்முன் வந்து நின்றார்.

எங்கள் பாலாவிக் கரையிலுள்ள ஈசனையும் பாடிய சுந்தரமூர்த்தி நாயனார், தம் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்ப்பதற்காகச் சிவபெருமானையே நள்ளிரவில் தூது போகச் செய்தார். இதைக் கேள்விப்பட்ட கலிக்காமர் கொதித்துப்போனார். ஆண்டவனை அடியான் ஏவுவதா என்பது அவருடைய கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. சுந்தரர் அதைத் தெரிந்துகொண்டு, தன் பிழைக்காக இறைவனிடம் முறையிட்டார் என்றுதான் சேக்கிழாரும் சொல்கிறார். இறைவன் இருவரையும் சேர்த்துவைக்கத் திருவுளங்கொண்டு கலிக்காமருக்குக் கொடிய சூலைநோயை, அதாவது வயிற்று நோயைக் கொடுத்து, அது வன்தொண்டனாகிய சுந்தரர் வந்தாலன்றித் தீராது என்றும் அறிவித்தார். அவனால் தீர்வதைவிட இந்த நோயோடு இருப்பதே மேல் என்றார் கலிக்காமர். சுந்தரர் வருகிறார் என்று கேட்டதும் உடைவாளால் தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர்விட்டார். அவருடைய மனைவியார் அழுகையை அடக்கி, வந்தவரை முறைப்படி வரவேற்கச் செய்தார். உண்மையைக் கண்ட சுந்தரர் அதே வாளைத் தானும் எடுத்தார். இறைவன் அருளால் உயிர்பெற்ற கலிக்காமர் எழுந்து அவருடைய கையைப் பிடித்துத் தடுத்தார். பின்னர் இருவரும் ஒருவர் காலில் ஒருவர் விழுந்தார்கள்.

கலிக்காமருக்கு இருந்தது பொறாமை அன்று, பக்தியினால் வந்த வைராக்கியம். ஆனால் நியாயமான அந்தக் கோபமே, தன் நோயைத் தீர்க்க வந்தவனைக் காண்பதைவிடச் சாவது மேல் என்ற இடத்துக்கு அவரைக் கொண்டுபோய்விட்டது. இறைவன் இருவரில் ஒருவரைத் தண்டித்து மற்றவரை உயர்த்தவில்லை. நோயையும் அதற்கான மருந்தையும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்து, ஒருவரிடம் ஒருவர் வரும்படி செய்தான். ஐயா, உங்கள் போதகரிடம் உங்களுக்கு வேண்டியது ஒன்று இருக்கலாம். உங்களிடம் அவருக்கு வேண்டியதும் ஒன்று நிச்சயமாக இருக்கும். முகாமில் நினைவிலிருந்து பாடிய பாட்டுகளை அவர் எங்கே போய்ப் படிப்பார்?

இன்னும் ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். திருப்பூந்துருத்திக்குச் சிறுவரான திருஞானசம்பந்தப் பிள்ளையார் சிவிகையில் வந்தபோது, அப்பர் எனப்படும் முதியவரான திருநாவுக்கரசர் கூட்டத்தோடு கலந்து ஒருவரும் அறியாமல் அந்தச் சிவிகையைத் தம் தோளில் சுமந்தார். அப்பர் எங்கே என்று பிள்ளையார் கேட்டபோதுதான் உம் அடிகள் தாங்கும் பேறு பெற்று இங்கே நிற்கிறேன் என்று கீழிருந்து குரல் வந்தது. பிள்ளையார் பதறி இறங்கி அவரை வணங்கினார். சிறுவயதில் இதைக் கேட்டபோது அப்பரின் பணிவைத்தான் எண்ணி வியந்தேன். இப்போது வயது போனபின், உடனே கீழே இறங்கிய அந்தப் பிள்ளையின் பணிவும் அதற்குக் குறைந்ததல்ல என்று தோன்றுகிறது.

மடுவீதி அக்கா எழுதியது:

பாலாவிக்கரை அண்ணாவின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். என் தகப்பனார் போதகராக இருந்து, ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர். ஆகவே இந்தக் கதையை நான் மற்றப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தேன். புதிய சபைக்குப் போகும்போதெல்லாம் அப்பா முதலில் பயப்பட்டது, அங்கே நீண்டகாலமாகப் பாட்டு நடத்தி வந்த பெரியவரைத்தான். அவருக்கு ஊர் முழுவதும் தெரியும். எந்த வீட்டில் யார் காணாமற்போனார், யாருடைய பெயரை எந்த நாளில் செபத்தில் சொல்லவேண்டும் என்பதெல்லாம் தெரியும். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பயம் வெளியே அதிகாரம்போலத் தோன்றும். கணக்கைப் பற்றி யாராவது கேட்டால், கணக்குச் சரியாக இருந்தபோதுகூட அவருடைய முகம் சிவந்துவிடும்.

வேதத்தில் பொறாமை கீழிருந்து மேலே மட்டும் போகவில்லை என்பதை யாரும் இங்கே சொல்லவில்லையே என்று நினைத்தேன். பெண்கள் ‘சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்’ என்று பாடிய நாள்முதல் சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான். இயேசுவைப் பிரதான ஆசாரியர்கள் ஒப்புக்கொடுத்தது பொறாமையினாலே என்று பிலாத்துவுக்கே விளங்கியிருந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் மோசேயைப் பாருங்கள். பாளயத்துக்குள் எல்தாதும் மேதாதும் தீர்க்கதரிசனம் சொன்னபோது, அவர்களைத் தடைபண்ணும் என்று மோசேயின் ஊழியக்காரனான யோசுவா கேட்டான். எனக்காக வைராக்கியம் காண்பிக்கிறாயோ, கர்த்தரின் சனங்கள் எல்லாரும் தீர்க்கதரிசிகளானால் நலமாயிருக்குமே என்றார் மோசே. உங்கள் ஊரின் மூத்த அங்கத்தவர் செய்ததும் யோசுவா செய்ததுதான். போதகர் கேளாமலே போதகருக்காக எரிந்தார். அவரைப் பற்றியும் மனக்கசப்பு வைக்காதீர்கள். யோவான் ஸ்நானனின் சீடரும் அப்படித்தான் எல்லாரும் இயேசுவிடத்தில் போகிறார்களே என்று வந்து முறையிட்டார்கள். “அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்” என்று யோவான் சொன்ன அந்த நேரத்தில் அவருடைய கூட்டம் உண்மையாகவே குறைந்துகொண்டிருந்தது. சனங்கள் கண்முன்னால் எழுந்து போய்க்கொண்டிருக்கும்போது அதைச் சொல்வது வேறு, ஆராதனையில் நாங்கள் பாட்டாகப் பாடுவது வேறு.

ஆசிரியர் ஐயாவோடு ஓர் இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். இரண்டு மூன்று சாட்சிகள் பிறகு வரட்டும். மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் நீங்களும் அவரும் தனித்திருக்கப் பேசுங்கள். சபைக்கு நடுவே கேட்டால் என் அப்பாவைப் போன்ற மனிதர் கதவைச் சாத்திக்கொள்வார். ஆனால் அன்று கணக்கைப் பற்றிப் பேசவேண்டாம். உங்கள் எரிச்சலைப் பற்றியும் அவரிடம் சொல்லவேண்டாம், அது அவருக்குத் தாங்கமுடியாத சுமையாகலாம். அதைத் தேவனிடம் சொல்லுங்கள். முகாமில் நீங்கள் பாடிய பாட்டுகளைப் பற்றியும், கொட்டிலை எழுப்பிய நாட்களைப் பற்றியும் சொல்லுங்கள். யாரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கனகராயன்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் சென்றுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா சொன்னபடி ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதகரின் வீட்டுக்குப் போனேன். கணக்கைப் பற்றிப் பேசவில்லை. மெனிக் பாமில் எந்தப் பாட்டைப் பாடினோம், யார் யார் வந்தார்கள், அவர்களில் இப்போது யார் இல்லை என்று சொன்னேன். அவர் ஒரு கொப்பியை எடுத்துப் பெயர்களை எழுதினார். அந்த நாட்களில் தான் சிறுபிள்ளையாக வேறொரு முகாம் பகுதியில் இருந்ததாகவும், அங்கே பாட்டு நடத்த யாரும் இருக்கவில்லை என்றும் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக அவரோடு ஒரே ஆலயத்தில் இருந்தும் இதை நான் கேட்டு அறிந்திருக்கவில்லை.

கணக்கு விடயத்தை, ஆசிரியர் ஐயா சொன்னபடி, சபையில் எந்தப் பதவியையும் விரும்பாத ஒரு விதவைத் தாயிடம் சொன்னேன். இரண்டு மூட்டை நெல் கொடுத்தவர் அவர். அவரும் இன்னொருவரும் போய்க் கேட்டார்கள். போன ஞாயிறு ஆராதனைக்குப்பின் கணக்கு வாசிக்கப்பட்டது. மரத்துக்கும் தகரத்துக்கும் பற்றுச்சீட்டுகள் இருந்தன. சீமெந்து வாங்கிய ஒரு தொகைக்குச் சீட்டு இல்லை, கடையில் கேட்டு எடுத்துத் தருவதாகப் போதகர் சொல்லியிருக்கிறார். அது வரும்வரை அந்தத் தாய் விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். நான் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. வாசித்த தொகைகள் சரியாகச் சரியாக, என் உள்ளத்தின் ஒரு மூலையில் ஏமாற்றம் உண்டானதையும் இங்கே சொல்லாவிட்டால் நான் உண்மை பேசியவனாக மாட்டேன். மிரியாமின் ஏழு நாள் எனக்கு இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

மாங்குளத்துத் தம்பி சொன்ன பயத்தையும் நான் மறக்கவில்லை. சபை உடையவில்லை, கூட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக இருந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் போனோம்.

வருகிற ஞாயிறு பிள்ளைகளுக்கு முகாமில் பாடிய பாட்டுகளில் இரண்டைச் சொல்லிக்கொடுக்கும்படி போதகர் கேட்டிருக்கிறார். கிட்டாரோடு அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ஒத்திகைக்கு ஏழு மணிக்கு வருவார்களாம். நான் ஆறரைக்கே போய்க் கதவைத் திறந்து கூட்டிவைக்கவேண்டும். திறப்பு இன்னும் சுவரில்தான் இருக்கிறது.